மூணாம் நம்பர் லேயர்

பொதுமக்களின் வாழ்க்கையை நேர்கோட்டில் கொண்டுவரும் உயரிய நோக்கத்துடன், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறாம் ஆண்டு, ஈப்போவில் இருந்த எங்கள் தோட்டப்புற வரைபட அலுவலகத்திற்கு ஒரு கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. அதற்காக ஓர் அறையைக் காலி செய்து, குளிரூட்டி பொருத்தி, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வரும்படி அறிவிப்பு ஒட்டினார்கள். எங்கள் மேலதிகாரி துவான் ஜஹாங்கீர் ரிப்பன் வெட்டினார். மனிதர்கள் வேலை செய்த மற்ற அறைகளில் இரண்டு மின்விசிறிகள் இருந்தன. ஒன்று சுற்றும்.

நான் அங்கே கவுண்டர் கிராணி, அதாவது குமாஸ்தா. பெயர் சன்னாசி. வருகிறவர்களுக்கு விண்ணப்பப் போராங் நிரப்பிக் கொடுப்பதும், அதை வாங்கிக்கொண்டு நாளை வரச் சொல்வதும் என் வேலை. இரண்டாவதில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு.

கம்ப்யூட்டரில் படம் வரையும் பொறுப்பு பழனியப்பனுக்கு வாய்த்தது. பதினைந்து வருஷமாகச் சாய்மேசையில் ஸ்கேலும் மைப் பேனாவுமாகக் குனிந்து கிடந்தவன். கோலாலம்பூரில் மூன்று நாள் பயிற்சி முடித்துத் திரும்பியபோது கழுத்தில் டை ஏறியிருந்தது. அதன்பிறகு அவன் 'படம்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'டிராயிங் ஃபைல்' என்பான்.

ஊரும் சும்மா இருக்கவில்லை. கோயில் கமிட்டி வந்து கோபுரத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுத் தரமுடியுமா என்று கேட்டது. எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருந்த மதார் சாகிப், 'கம்ப்யூட்டர் அளவில் ரொட்டி சானாய்' என்று புதுப் பலகை மாட்டினார்.

"என்ன பாய், ரொட்டி சின்னதாயிருச்சே?" என்றேன்.

"அளவு கரெக்டாயிருச்சுலா," என்றார்.

அதில் படம் வரையும் புரோகிராமின் பெரிய அதிசயம் லேயர். ஒரே படத்தைப் பல கண்ணாடித் தாள்களில் பிரித்து வரைந்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியது போல என்று பழனியப்பன் விளக்கினான். வேண்டாத தாளை மறைத்துவிடலாம். அவன் ஒரு பட்டியல் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டினான். ஒன்றாவது லேயர் சாலை. இரண்டாவது வீடுகள். மூன்றாவது புதர், புற்று, ஆட்டுக் கொட்டகை முதலான தற்காலிக வகையறா. நாலாவது கால்வாய், ஐந்தாவது தண்ணீர்க் குழாய். எங்கள் போராங்கிலும் புதிதாக ஒரு கட்டம் முளைத்தது: லேயர் எண். அதை யார் நிரப்ப வேண்டும் என்று சொல்லப்படவில்லை. காலியாக விடக்கூடாது என்று மட்டும் அடியில் அச்சிட்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்து லயங்களுக்குக் குழாய்த் தண்ணீர் கொடுக்கும் திட்டம் வந்தது. கோலா கங்சார் சாலையில் இருக்கும் மூணுகல் தோட்டத்தில், பெயருக்கு ஏற்றாற்போல், மூன்று லயங்கள். ஒவ்வொன்றும் பத்து வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும் நீள வரிசை. முதல் இரண்டு லயத்துக்கும் சேர்த்து, இரண்டாவது லயத்து நவமணி ஏற்கனவே மனு கொடுத்துவிட்டாள். மூன்றாவது லயத்துக்காகக் கருப்பம்மாள் வந்தாள். முப்பது வருஷம் ரப்பர் பால்மரம் வெட்டியவள். செம்பனைக் காட்டுக்கு அப்பால் இருந்த கிணற்றிலிருந்து தினமும் எட்டு நடை தண்ணீர் தூக்கி, வலது முழங்கால் மடக்க முடியாமல் போயிருந்தது. கவுண்டரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

"லேயர் நம்பர் சொல்லுங்கக்கா," என்றேன்.

"லயமா? மூணாவது."

"லயம் இல்லக்கா, லேயரு."

"அதான் தம்பி சொல்றேன். மூணாவது லயம். பொறந்ததுலேருந்து அங்கனதான் கெடக்கேன், எனக்குத் தெரியாதா?"

மூன்று என்று எழுதினேன். மனுதாரர் தெரிவித்த தகவலைத் திருத்த ஒரு கிராணிக்கு அதிகாரம் கிடையாது. அதோடு கோப்பி குடிக்கும் நேரமும் ஆகிவிட்டது.

போராங்கில் கண்டபடியே பழனியப்பன் வரைந்தான். புதர், புற்று, ஆட்டுக் கொட்டகை இருக்கும் லேயரில் கருப்பம்மாளின் லயத்துப் பத்து வீடுகளும் கதவு ஜன்னலோடு போய்ச் சேர்ந்தன.

அடுத்த மாதம் புரோகிராமின் புதுப் பதிப்பு வந்தது. கூடவே அதைச் செய்த கம்பெனியின் வண்ண இதழும் வந்தது. அதில் முதல் பாதி புதிய வசதிகள், மறுபாதி உலகெங்கும் உள்ள பயனாளர்களின் சாதனைப் படங்கள், கடைசியில் அதற்கான போட்டி அறிவிப்பு. புதிய வசதிகளில் தலையாயது ஃப்ரீஸ். ஒரு லேயரை உறைய வைத்துவிட்டால் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளாது. வேலை வேகமாக நடக்கும். பழனியப்பன் மூன்றாவது லேயரை உறைய வைத்து, மூணுகல் தோட்டத்தை அச்செடுத்தான். இரண்டு லயம், ஒரு சாலை, பக்கத்தில் பரந்த புல்வெளி.

துவான் ஜஹாங்கீர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"எவ்வளவு சுத்தமா இருக்கு பாத்தீங்களா? இதப் போட்டிக்கு அனுப்புங்க," என்றார்.

ஒரு பிரதி பயனாளர் சாதனைப் போட்டிக்குப் போயிற்று. இன்னொன்று குழாய் போடும் ஆட்களிடம் போயிற்று. அவர்களுக்கு மேஸ்திரி பத்துமலை. அவன் மூன்றாவது லயத்து வாசலில் நின்று படத்தை விரித்தான். லயத்தைப் பார்த்தான். மறுபடியும் படத்தைப் பார்த்தான்.

"இங்க வீடு இல்லையேக்கா."

"நீ நிக்கிறது யாரு வாசலு?" என்று கேட்டாள் கருப்பம்மாள்.

"ஒங்க வாசலுதான். ஆனா படத்துல புல்லுல்ல இருக்கு."

"புல்லா ஒங்கூடப் பேசுது?"

"நான் என்னலா செய்றது? குடுத்த படம் இது. கொஞ்சம் தண்ணி இருந்தாக் குடுங்கக்கா, வெயிலு மண்டையைப் பொளக்குது."

காலையில் கிணற்றிலிருந்து தூக்கி வந்த தண்ணீரில் ஒரு செம்பு மொண்டு கொடுத்தாள். அவன் குடித்துவிட்டு, இரண்டாவது லயத்தோடு குழாயை முடித்துக்கொண்டு கிளம்பினான். மறுவாரமே நவமணி அந்தக் குழாய்க்கு ஒரு பூட்டுப் போட்டு, படத்தில் உள்ளவர்களுக்கு மட்டும் என்று அட்டை தொங்கவிட்டாள். அதுவரை மூன்று லயமும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்து, ஒரே கோயிலில் கூழ் குடித்தவர்கள்.

கருப்பம்மாள் எங்களிடம் வந்தாள். செருப்பைக் கழற்றச் சொன்னோம். போட்டிருக்கவில்லை. பழனியப்பன் அவளைக் கம்ப்யூட்டர் முன் நிறுத்தி ஏதோ தட்டினான். திரையில் பச்சைக் கோடுகளாக லயம் எழுந்தது.

"அந்தா! பத்துக் கதவும் இருக்குல்ல," என்றாள்.

"இருக்குக்கா. ஆனா உறைஞ்சிருக்கு."

"உறைஞ்சிருக்கா? அப்ப உருக்கு."

"ஒரு தட்டு தட்டினா உருகிடும்."

"தட்டு தம்பி."

பழனியப்பன் என்னைப் பார்த்தான். நான் துவானைப் பார்த்தேன்.

"அது எப்படிம்மா?" என்றார் துவான். "அந்தப் படம் போட்டியில இருக்கு. போட்டியில இருக்கிற படத்த நடுவுல மாத்தினா நாணயமா இருக்குமா?"

"பரிசு கெடைக்காட்டி?"

"தாராளமா மாத்தலாம்."

"கெடைச்சுட்டா?"

"பரிசு வாங்கின படத்த எவனாச்சும் மாத்துவானா?"

அந்த வெள்ளிக்கிழமை, பரிசு கிடைக்கக்கூடாது என்று கருப்பம்மாள் மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தாள். கிடைக்க வேண்டும் என்று பழனியப்பனும் அதே அம்மனுக்கு உடைத்தான். அரசாங்க விண்ணப்பத்துக்கு முன்னுரிமை கிடைத்தது. சுத்தமான குடியிருப்புப் படம் என்ற பிரிவில் எங்களுக்கு முதல் பரிசு. படத்தைச் சட்டம் போட்டு, ரிப்பன் வெட்டிய இடத்திலேயே மாட்டினோம்.

கருப்பம்மாள் விடவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டே மூன்று மாதம் நடந்தாள். கடைசியில் துவான் இரக்கப்பட்டு, மூன்றாவது லேயரில் உள்ளவர்களின் குறை தீர்க்கவென்றே ஒரு தனிப் போராங் அச்சடிக்க உத்தரவிட்டார். அதில் மூன்று கட்டங்கள். நான் படித்துக் காட்டினேன்.

"நீங்க புதரா, புற்றா, ஆட்டுக் கொட்டகையா? ஏதாச்சும் ஒண்ணுல அடையாளம் போடணும்க்கா."

"வீடுன்னு இல்லையா?"

"வீடு ரெண்டாவது லேயரு. அது வேற போராங்."

"சரி, ஆடுன்னா தண்ணி உண்டா?"

"ஆட்டுக்கு வேற இலாகா."

அவள் அந்தத் தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அவளுடைய பழைய மனுவில், நிலுவையில் உள்ளது என்று முத்திரை குத்தினேன்.

அடுத்த வருஷம் தோட்டம் கைமாறியது. வாங்கியவர்கள் தொழிற்சாலை கட்டப் போகிறார்கள். இடிப்பதற்கு எந்தப் படத்தைக் கொடுப்பது என்ற கேள்வியே எழவில்லை. பரிசு வாங்கிய படம் இருந்தது. பத்துமலை இந்தத் தடவை புல்டோசரோடு வந்தான். முதல் லயம் போயிற்று. இரண்டாவது லயம் போயிற்று. மூன்றாவது லயத்து வாசலில் புல்டோசர் நின்றது.

"என்னடா, இதையும் தள்ளப் போறியா?" என்றாள் கருப்பம்மாள்.

"இல்லாத வீட்ட எப்படிக்கா தள்றது? ஒடைச்சதுக்குப் படத்தோட ஒத்துப் பாத்துக் கையெழுத்து வாங்கணும். புல்லுன்னு இருக்கு. தொழிற்சாலைக்காரன் பசுமைப் பகுதின்னு போர்டே அடிச்சிட்டான்."

"குழாயி?"

"அது அஞ்சாவது லேயருங்கக்கா. எனக்கு ரெண்டாவது மட்டுந்தான் ஆர்டரு. கொஞ்சம் தண்ணி குடுங்க."

ஆக, வீடு இல்லாத இடத்தில் குழாய் நின்றது. குழாய் இல்லாத இடத்தில் வீடு நின்றது. அன்று சாயந்தரமே நவமணி பாயும் பாத்திரமுமாகக் கருப்பம்மாள் வாசலுக்கு வந்தாள். பின்னால் இருபது குடும்பம்.

"அக்கா, ஓரமா ஒரு ஒட்டுக் கூரை எறக்கிக்கிறோம்."

"எறக்கிக்க. சாவி கொண்டாந்தியா?"

நவமணி குழாய்ப் பூட்டின் சாவியை எடுத்துக் கொடுத்தாள். கருப்பம்மாள் அதைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டாள். அன்றிலிருந்து அவள் கிணற்றுக்குப் போகவில்லை.

விஷயம் ஊருக்குள் பரவியது. பால்காரர், சலூன்காரர், சாலை விரிவாக்கத்துக்குப் பயந்திருந்த மதார் சாகிப், எல்லாரும் கவுண்டரில் வரிசை கட்டினார்கள். எங்களையும் மூன்றாவது லேயரில் போடுங்கள் என்பதே கோரிக்கை. "நான் புற்றுன்னே எழுதிக்கோங்கலா," என்றார் மதார் சாகிப். இது கம்ப்யூட்டரைக் கேலி செய்யும் போக்கு என்று துவான் கண்டித்து ஒரு சுற்றறிக்கை விட்டார்.

அதற்குள் இன்னொரு புதுப் பதிப்பு வந்தது. இரண்டு புள்ளியைத் தொட்டால் போதும், இடையில் நேராக ஒரு சாலை தானே விழும். தொழிற்சாலைக்கு நெடுஞ்சாலை போட வேண்டியிருந்தது. வேகமாக முடிப்பதற்காகப் பழனியப்பன் இரண்டாவது லேயரை உறைய வைத்துவிட்டு, இரண்டு புள்ளியைத் தொட்டான். வெற்று வெள்ளையில் வகிடு எடுத்தாற்போல் சாலை விழுந்தது. வரைந்தவர் பழனியப்பன், சரிபார்த்தவர் சன்னாசி, அங்கீகரித்தவர் ஜஹாங்கீர். மூன்று கையெழுத்தும் போட்டு, ஒரு பிரதி போட்டிக்கு, ஒரு பிரதி வேலைக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஜெலாப்பாங்கில் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் புல்டோசர் சத்தம். ஒரே வரிசையில் பழனியப்பன் வீடு, என் வீடு, கோடியில் துவான் வீடு.

"அண்ணே," என்றான் பத்துமலை, படத்தை விரித்தபடி, "ஒங்க ஹாலு நடுவுலதான் ரோடு போகுது."

"இங்க வீடு இருக்கே, கண்ணு தெரியலையா?" என்று கத்தினான் பழனியப்பன்.

"தெரியுது. படத்துல இல்லையேண்ணே."

"படத்துல இல்லாததை ஒடைக்கக் கூடாதுன்னு மூணுகல்லுல நீதானேடா சொன்ன?"

"அங்க இருந்தது புல்லு. இங்க இருக்கிறது ரோடு. ரோட்டு மேல எது கெடந்தாலும் எடுத்துப் போடணும்னு ஆர்டரு. கொஞ்சம் தண்ணி குடுங்கண்ணே."

படத்தைத் திருத்தலாமே என்று நான் துவானைப் பார்த்தேன். அவர் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். படம் போட்டியில் இருந்தது.

மாவட்டத்தில் எந்தப் படமும் எட்டாத இடம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். ஆளுக்கு ஒரு பெட்டியோடு மூணுகல் தோட்டத்துக்குப் போனோம். 'பசுமைப் பகுதி, மிதிக்காதீர்கள்' என்ற பலகைக்குப் பின்னால் முப்பது குடும்பத்துத் துணி காய்ந்துகொண்டிருந்தது. கருப்பம்மாள் வாசலில் உட்கார்ந்து காலை நீட்டி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, தங்க ஒரு எடம்..." என்று இழுத்தான் பழனியப்பன். டை இல்லை.

அவள் எங்கள் மூவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். திட்டவில்லை. இடுப்பிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து, விரித்து, என்னிடம் நீட்டினாள்.

"வாங்க தம்பி. போராங்க மொதல்ல நெரப்பிருங்க. காலியா விடக்கூடாதாம்ல."

துவான் ஜஹாங்கீர் முந்திக்கொண்டு பேனாவைப் பிடுங்கி, புதரில் அடையாளம் போட்டார். பழனியப்பன் புற்றை எடுத்துக்கொண்டான்.

நான் இப்போது ஆட்டுக் கொட்டகை. தண்ணீருக்கு மனு கொடுத்திருக்கிறேன். சாவியை முடிந்த முந்தானையைத் தட்டிக் காட்டி, நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறாள்.