வெள்ளை மைவிக்குப் பின்னால்

ராஜசேகரனின் கண் ரோட்டில் இல்லை. முன்னால் போகும் வெள்ளை மைவி காரின் முதுகில் ஒட்டிக்கிடந்தது.

"நம்பர் பாத்தீங்களா?" என்றாள் மனைவி புஷ்பவள்ளி.

"நம்பர் எதுக்கு? ஆயர் ஈத்தாம் பானைக் கடை வாசல்ல வெள்ளை மைவின்னு சம்பந்தி வீட்ல சொன்னாங்க. நின்னுச்சு, கெளம்புச்சு, பின்னாலயே வரோம்."

ஜொகூரில் காக்கைக்கு அடுத்தபடி அதிகம் தென்படுவது வெள்ளை மைவிதான் என்று அவருக்குத் தெரியாதா என்ன? ஆனால் அன்று அவர் மண்டை முழுக்கச் சம்பந்திதான் இருந்தார்.

மகள் ஷர்மினி தன்னோடு சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பையனை விரும்பினாள். இரு வீட்டுப் பெற்றவர்களும் இதுவரை போனில்தான் பேசியிருந்தார்கள். பிள்ளைகளுக்கு வேலை இருக்கட்டும், நாம் மட்டும் மூவாரைச் சுற்றிப் பார்த்தபடி பழகுவோம், பிடித்தால் பேசி முடிப்போம் என்று ஏற்பாடு.

குளுவாங் வீட்டுக்கே அழைத்திருக்கலாம்தான். ஆனால் பக்கத்து ஊரான பாலோவில் புஷ்பவள்ளியின் தம்பி மதிவாணன் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தான். மோப்பம் பிடித்து வந்துவிடுவான். போன வரன் அவன் வாயால்தான் கெட்டது. "எங்க ஷர்மினிக்குக் கோவம் வந்தா தட்டு பறக்கும்" என்று மாப்பிள்ளையின் அம்மாவிடமே பெருமை பேசியவன். இந்த வரனும் போனால் மகள் முகத்தில் விழிக்க முடியாது.

காலையில் புஷ்பவள்ளி சேலையை மாற்றி மாற்றிக் கட்டியதில் கிளம்பத் தாமதமாகிவிட்டது. காத்திருக்க வேண்டாம், பின்தொடர்ந்து வந்துவிடுகிறோம் என்று ராஜசேகரன் பாதித் தமிழ், பாதி இங்கிலீஷில் சம்பந்திக்குக் குரல் செய்தி அனுப்பினார். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. அப்படியும் மைவி பானைக் கடையில் நின்றதைப் பார்த்து, "என்ன பண்பான மனுசங்க" என்று உருகிப்போனார்.

மூவார் வந்தது. மைவி கடிகாரக் கோபுரத்தைச் சுற்றியது, அவரும் சுற்றினார். அது தப்பான சந்தில் நுழைந்து பின்வாங்கியது, அவரும் நுழைந்து பின்வாங்கினார். கடைசியில் ஆற்றங்கரையில் நின்றது. இறங்கியது ஒரு தமிழ்த் தம்பதிதான். ராஜசேகரன் ஓடிப்போய் அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் தன் மனைவியைப் பார்த்தார், மனைவி அவரைப் பார்த்தாள். பிறகு இருவரும் வாய் நிறையச் சிரித்தார்கள்.

"போன்ல வேற கொரலா இருந்துச்சே," என்று கிசுகிசுத்தாள் புஷ்பவள்ளி.

"ஆத்துக் காத்து."

அதன்பிறகு ராஜசேகரனைப் பிடிக்க முடியவில்லை. பார்த்த பழைய கட்டடத்துக்கெல்லாம் ஒரு ராஜாவைத் தன் இஷ்டத்துக்குக் குடியேற்றினார். நடுவில் மதிவாணன் போன் செய்தான். ராஜசேகரன் வெட்டினார். உடனே புஷ்பவள்ளியின் போன் அடித்தது.

"எடுக்காத. எடுத்தா இங்கயே வந்து நிப்பான்," என்று இரண்டு போனையும் அணைத்துப் பைக்குள் போட்டார்.

மத்தியானம் மீ பண்டோங் நூடுல்ஸ். காசு கொடுக்க அவர் பாய்ந்தபோது மைவிக்காரர் தடுக்கவே இல்லை. விட்டுக்கொடுக்கத் தெரிந்தவர் என்று ராஜசேகரன் அதையும் மெச்சினார்.

விஷயத்தைப் படகுச் சவாரியில் எடுத்தார். படகு நடு ஆற்றில் இருந்தது.

"அப்புறம், தம்பிக்குக் கல்யாணத்த எப்ப வச்சிக்கலாம்?"

"எங்க பையனுக்கா?" மைவிக்காரர் விழித்தார். "அவனுக்கு ரெண்டு புள்ள ஆச்சே."

புஷ்பவள்ளி படகின் கம்பியை இறுகப் பிடித்தாள். ராஜசேகரனுக்கு ஆறே ஒரு சுற்று சுற்றியது.

"ரெண்டு புள்ளய வச்சிக்கிட்டா என் மக கழுத்துல தாலி கட்டப் பாத்தான்?"

படகில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். மைவிக்காரரின் மனைவிதான் மெல்ல வாயைத் திறந்தாள். "ஏங்க, இவங்க உங்க சொந்தம் இல்லையா?"

"நீ சிரிச்ச சிரிப்புக்கு உன் சொந்தம்னுல்ல நெனச்சேன்."

படகு கரைக்குத் திரும்பியது.

கரை இறங்கியதும் ராஜசேகரனுக்கு அழுகை முட்டியது. யாரோ ஊர்பேர் தெரியாதவர்களுக்கு மீ வாங்கிக் கொடுத்துவிட்டு, மகளின் வாழ்க்கையைக் கோட்டைவிட்டாயிற்று. போனை உயிர்ப்பித்தார். உடனே மணி அடித்தது. மதிவாணன்.

"மச்சான், அப்புறம் பேசுறேன்," என்றார் ராஜசேகரன். "சம்பந்தியக் காணோம்."

"காணோமா? நம்ம கடையிலதானே எலையில கை வச்சிருக்காங்க. பொண்ணோட தாய்மாமன் கடை இங்க இருக்குன்னு ஷர்மினி சொல்லியிருக்கா, எதுன்னு கேட்டு வந்துட்டாங்க. எல்லாம் பேசியாச்சு, தை மாசம் நாள் பாக்கச் சொல்லிட்டாங்க. தட்டு பறக்கும்னு சொன்னேன். அந்தம்மா விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க, அவங்க வீட்லயும் அப்படித்தானாம்."

ராஜசேகரன் ஆற்றங்கரைச் சுவரில் பொத்தென்று உட்கார்ந்தார். "மூவாருக்கு வரவேண்டியவங்க அங்க எதுக்கு வந்தாங்க?"

"என்ன மச்சான் இப்படிக் கேக்குறீங்க? 'நிக்காதீங்க, நீங்க போங்க, நாங்க பாலோ வந்துர்றோம்'னு வாய்ஸ் அனுப்புனது நீங்கதானே லா?"