வெள்ளைக்காரச் சம்மந்தி

"எ ஹஸ்பண்ட்" என்று பத்மாவதி கடுதாசியைப் பார்த்துப் புருசனைக் காட்டிச் சொல்லி முடிக்கவில்லை, தம்பிராசா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எழும்பிவிட்டார்.

"ஓகோ! நான் உனக்கு ஏதோ ஒரு புருசனோ? இன்னும் எத்தினை பேர் இருக்கினம்?"

"ஐயோ, கோவியாதையுங்கோ! இங்கிலிசிலை முன்னுக்கு ஏதும் போடவேணுமாம்."

அவர் வெங்காயத் தோட்டத்துக்கே போய்விட்டார்.

இன்னும் அரை மணித்தியாலத்தில் லண்டனிலிருந்து மகள் சாருஜா வருங்கால மாமியாரோடு வீடியோவில் வருவாள்; வீட்டாரைப் பத்மாவதிதான் இங்கிலிசில் அறிமுகப்படுத்தவேண்டும். உரும்பிராய் ஊரிலேயே முதல் வெள்ளைக்காரச் சம்மந்தி! தான் ஒரு சொல் பிழைவிட்டாலும் அந்த வீட்டில் பிள்ளையை மதிக்கமாட்டார்களே என்று மூன்று கிழமையாகப் பத்மாவதிக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளைக்காரி பிறந்து அழுததே இங்கிலிசில்தானே!

"'த' போட்டுப் பாருங்கோ அம்மா," என்றான் வங்கியில் வேலைசெய்யும் மகன் கோபிசங்கர்.

"த ஹஸ்பண்ட்."

"ம்ஹும். ரண்டு பேருக்கும் தெரிஞ்ச ஆளுக்குத்தான் 'த'. அப்பாவை அவவுக்குத் தெரியாதே."

"அப்ப ஏன்ரா சொன்னனி?"

"பேசாமல் எல்லாருக்கும் 'மை' போடுங்கோ."

போட்டாள். பெரியம்மாவின் மகள் றஜனியைக் காட்டி, "மை சிஸ்டர்" என்றாள்.

"சிஸ்டர் இல்லை, கசின்," என்று திருத்தினான் கோபி.

"ஒரு கோப்பையிலை சாப்பிட்டு வளர்ந்த என்னைக் கசினோ?" றஜனியும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளிக்கிட்டாள்.

ஃபோன் அடித்தது. பிள்ளையாரே!

திரையில் ஒரு பருத்த வெள்ளைக்காரி, பக்கத்தில் சாருஜாவும் மாப்பிள்ளையும். முகமெல்லாம் வியர்வை. கையில் பத்மாவதியிடம் இருப்பதைப் போலவே ஒரு கடுதாசி.

"திஸ்... எ சன். நோ, நோ... த சன்..."

பத்மாவதிக்கு எங்கிருந்துதான் துணிவு வந்ததோ!

"மை! யூ சே, மை சன்!"

"மை சன்!" வெள்ளைக்காரி கைதட்டிச் சிரித்தார்.

போன இருவரும் ஆவல் தாங்காமல் திரும்பி வந்து வாசலில் எட்டிப் பார்த்தார்கள். பத்மாவதி இருவரையும் கையில் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

"மை ஹஸ்பண்ட்! மை சிஸ்டர்!"

தம்பிராசா சாரத்தை இறக்கிவிட்டு நெஞ்சை நிமிர்த்தினார். வெள்ளைக்காரி ஏதோ புரியாத பாசையில் படபடவென்று கதைத்தார்.

சாருஜா சிரித்துச் சிரித்துச் சொன்னாள்:

"அம்மா, மாமி போலந்துக்காரி. இந்த 'எ'யும் 'த'வும் அவையின்ரை பாசையிலையும் இல்லை. இப்ப கேக்கிறா, நீங்கள் எந்தப் பள்ளிக்கூடத்திலை இங்கிலிசு படிப்பிக்கிறனீங்களாம்?"