ஐஸ் பெட்டியும் அக்கா கல்யாணமும்

அரைகுறையாகப் படித்தவன் கையில் ஸ்பேனரைக் கொடுக்கவே கூடாது. யாரையும் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. எழுபதுகளில் அப்படியொரு ஸ்பேனரோடு தூத்துக்குடியில் திரிந்தவன் நான்தான்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு தொழிற்சாலையில் அப்ரண்டிஸாக இருந்தேன். (மற்றவர்கள் வேலை பார்க்கும்போது டார்ச் அடிப்பவனுக்கு அப்ரண்டிஸ் என்று பெயர்.) ஒருநாள் பழைய பேப்பர் கடையில், கப்பல்காரர்கள் போட்டுவிட்டுப் போன வெளிநாட்டுக் கார் பத்திரிகை ஒன்று கிடைத்தது. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ வைத்த ஒரு குட்டிக் காரின் படமும், பக்கத்திலேயே ஒரு கட்டுரையும் இருந்தன. இன்ஜின் உறிஞ்சும் காற்று எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு இழுவை என்று அதில் போட்டிருந்தது.

டர்போவுக்கு நான் எங்கே போவேன்? ஆனால் குளிர்ச்சிக்கு என்ன பஞ்சம்! மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் கிடைக்கும். ஐஸில் உப்பைப் போட்டால் குளிர் இன்னும் ஏறும் என்பது குச்சி ஐஸ்காரருக்கே தெரியும். உப்போ, தெருவுக்குத் தெரு குவிந்து கிடக்கிறது. கடவுள் என்னை மனதில் வைத்துத்தான் இந்த ஊரைப் படைத்திருக்கிறார் என்று உறுதியாக நம்பினேன்.

கார் பெரியப்பாவுடையது. மூன்று கை மாறி வந்த சின்னக் கார். வெயில் ஏறினால் மூச்சு வாங்கும். மே மாதம் அக்காவுக்குக் கல்யாணம். நாசரேத் ஊரிலிருந்து மாப்பிள்ளையை அழைத்துவரக் காரைக் கேட்டேன். பெரியப்பா சாவியை நீட்டினார், ஆனால் விடவில்லை.

"ஏலே, ஓட்டிட்டுப் போ, ஓட்டிட்டு வா. பானட்டத் தொறந்தேன்னு தெரிஞ்சுது, தொலிய உரிச்சிருவேன் பாத்துக்க."

"தொறக்கவே மாட்டேன் பெரியப்பா" என்றேன். அன்று சாயங்காலமே திறந்தேன்.

முன்பக்கத்து இடது இருக்கையைக் கழற்றிவிட்டு, அங்கே தகரம் அடித்த ஒரு மீன் பெட்டியை வைத்தேன். பெட்டிக்குள் ஐஸும் கல்லுப்பும் போடுவதாகத் திட்டம். ஒரு பக்கம் காற்று நுழைய ஓட்டை. மறுபக்கத்திலிருந்து தடித்த ரப்பர் குழாய் ஒன்று கிளம்பி, டாஷ்போர்டுக்குக் கீழே நுழைந்து, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு ஊட்டும் கார்புரேட்டரின் வாயில் நேராகப் போய் முடிந்தது. பெட்டியை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். சாளை மீன் வாடை மூன்று முறையும் அப்படியே இருந்தது.

அக்கா பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். எதையும் அளந்து பார்க்காமல் பேச மாட்டாள். விடியற்காலையில் வாசலுக்கு வந்து, "பத்து மணிக்குச் சர்ச்சுல கல்யாண ஆராதனை. அவுகள நேரத்துக்குக் கொண்டாந்து சேத்துருலே, ஒன்னத்தான் நம்பியிருக்கேன்" என்றாள்.

போகும்போது ஐஸைத் தொடவில்லை. மரத்தூள் போட்ட சாக்கில் பொதிந்து வைத்திருந்தேன். மாப்பிள்ளை ஏறிய பிறகுதான் ஐஸையும் உப்பையும் பெட்டிக்குள் கொட்டி அரங்கேற்றம். (சோதித்துப் பார்த்தாயா என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.)

மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார், சாந்தமான மனிதர். கறுப்புக் கோட்டோடு பின்சீட்டில் ஏறினார். கூட வர வேண்டிய மாப்பிள்ளைத் தோழன் காருக்குள் தலையை விட்டு மோந்து பார்த்துவிட்டு, வீட்டார் போகும் வேனில் ஏறிக்கொண்டான். வேன் முன்னால் போய்விட்டது.

"தம்பி, இது என்ன வாடை?"

"விஞ்ஞானம் அத்தான்" என்றேன்.

குரும்பூர் தாண்டும்வரை கார் பறந்தது. பிறகு இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. வெயில்தான் காரணம் என்று முடிவுகட்டினேன். பிளக்கைக் கழற்றினேன், ஊதினேன், துடைத்தேன். கால் மணி நேரத்தில் தானாகக் கிளம்பியது. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் ஐஸைக் கொட்டி இரண்டு கை உப்பையும் அள்ளிப் போட்டேன்.

ஆத்தூரில் மறுபடி நின்றது. மறுபடி ஐஸ், மறுபடி உப்பு. அத்தான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடி ஜெபம் பண்ண ஆரம்பித்தார்.

பழையகாயல் உப்பளத்துக்குப் பக்கத்தில் மூன்றாம் தடவை நின்றபோது மணி பத்தைத் தாண்டிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பின்னால் வந்த ஒரு உப்பு லாரி நின்றது. டிரைவர் அண்ணாச்சி இறங்கி வந்து, குழாயைப் பிடுங்கிவிட்டுக் கார்புரேட்டருக்குள் விரலை விட்டவர், வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"எம்மா! உள்ள ஐஸு கட்டிக் கெடக்குலே! கொடைக்கானலுக்குப் பத்து வருசமா லோடு அடிச்சேன், அங்கன கூட இப்பிடி ஒண்ணப் பாத்ததில்ல. காருக்கு ஜலதோஷம்ல புடிச்சிருக்கு!"

கடற்காற்றின் ஈரம் முழுவதையும் பெட்டியில் குளிர வைத்து ஊட்டியிருக்கிறேன். அது உள்ளே போய் உறைந்து வழியை அடைத்திருக்கிறது. கால் மணி நேரம் நின்றால் உருகும், கார் ஓடும். நான் வைத்தியம் என்று நினைத்துப் போட்ட ஒவ்வொரு பிடி உப்பும் வியாதியை ஏற்றியிருக்கிறது. சுட்டெரிக்கும் மே மாத வெயிலில், குளிர் தாங்காமல் நின்ற ஒரே கார் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

"கொழாயத் தூரப் போடு, ஓடும்" என்றார் அண்ணாச்சி. அத்தான் இறங்கினார். "நான் லாரியிலயே வாரேன்" என்று ஏறிக்கொண்டார்.

குழாய் இல்லாமல் கார் அருமையாக ஓடியது. லோடு லாரி ஊர்ந்தது. சரி, முந்திக்கொண்டு போய், மாப்பிள்ளை வருகிறார் என்று சொல்லிவிடலாமே என்று தோன்றியது. அன்றைய தினத்தின் இரண்டாவது கண்டுபிடிப்பு அது.

தேவாலய வாசலில் கார் நின்றதும் பாட்டு நின்றது. எல்லோரும் ஓடிவந்தார்கள். பூ சுற்றிய காரின் பின்சீட்டில் யாருமில்லை. வெள்ளைப் புடவையும் முக்காடுமாக நின்ற அக்கா அதைப் பார்த்தாள். அவள் முகம் வெளிறியதை நான் பார்த்தேன்.

"மாப்பிள்ள எங்கலே?" என்றார் பெரியப்பா.

"பின்னால உப்பு லாரில வாராக."

அதை யாரும் நம்பவில்லை. மாப்பிள்ளை பாதி வழியில் இறங்கி ஓடிவிட்டாராம் என்ற பேச்சு கடைசி பெஞ்சுவரை போய்த் திரும்பி வந்துவிட்டது. அக்கா மட்டும் சாலையைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள். லாரி வர இருபது நிமிடம் ஆனது. கறுப்புக் கோட்டெல்லாம் உப்பு வெள்ளையாக அத்தான் இறங்கி வந்து, "மன்னிக்கணும், காருக்குச் சொகமில்ல" என்றார். அக்கா ஒரே நேரத்தில் அழுதாள், சிரித்தாள். கல்யாணம் நடந்தது. பெரியப்பா தொலியை மறுநாள் உரித்தார்.

இரண்டு வருடம் கழித்து எனக்குக் கல்யாணம். அக்கா கொடுத்த பரிசுப் பொட்டலத்தை எல்லார் முன்னாலும் பிரித்தேன். உள்ளே உள்ளங்கை அளவில் ஒரு சிவப்புக் கம்பளித் தொப்பி. குழந்தைக்கு இப்போதே என்ன அவசரம் என்று என் மனைவி வெட்கப்பட்டாள்.

"புள்ளைக்கு இல்ல ஏளா" என்றாள் அக்கா. "கார்புரேட்டருக்கு. பெரியப்பா கார்ல போயி அளவெடுத்துத்தான் பின்னுனேன்."

அந்தத் தொப்பி இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. குடும்பத்தில் எந்தக் கல்யாணமானாலும், நான் கார் சாவியை எடுத்தால் அத்தான் உள்ளே போய் அதை எடுத்து வந்து என் கையில் கொடுத்துவிட்டு, லாரி வருகிறதா என்று தெருவைப் பார்க்கிறார்.