கிளிமீன் சுருங்கிய கதை

சோம்பேறிகளை எந்த வேலையில் வேண்டுமானாலும் வைக்கலாம், ஆராய்ச்சியில் மட்டும் வைக்கக் கூடாது. என்னை வைத்தார்கள்.

அறுபதுகளின் கடைசி. கடலில் கிளிமீன் குறைகிறதா என்று கொழும்பிலிருந்த ஓர் அலுவலகத்துக்குத் தெரிய வேண்டியிருந்தது. பவளப்பாறையில் மேயும் மீன் அது. அதற்கென்று யாரும் வலை போடுவதில்லை. வேறு மீனுக்குப் போட்ட வலையில் மாட்டிக்கொண்டு, கிழக்குக் கரையிலிருந்து லொறியில் பதுளைச் சந்தைக்கு வரும். அதை அளந்து எழுதி அனுப்புவது என் வேலை. ஆறு மாதம் ஒழுங்காக அளந்தால் நிரந்தரம். (எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தின் முதல் உத்தியோகம் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி முடித்திருந்தார்.)

முதல் இரண்டு மாதம் ஹாலிஎலயிலிருந்து முதல் பஸ்ஸில் போய், லொறி வந்ததும் அடிமட்டம் வைத்து அளந்தேன். பிறகு குளிர் கூடியது. இரண்டாவது பஸ்ஸுக்கு மாறினேன். அன்றிலிருந்து மீனும் சிறுக்கத் தொடங்கியது. முழ நீளம் இருந்தது சாண் அளவாயிற்று. பெரிய மீனையெல்லாம் பிடித்துத் தீர்த்துவிட்டார்களே என்று உண்மையிலேயே பதறிப்போனேன். கிளிமீன் பிடிப்பதை உடனே தடை செய்யும்படி நான்கு பக்கத்துக்கு அறிக்கை எழுதினேன்.

அடுத்த வாரம் கொழும்பு அதிகாரி சொல்லாமல் ரயிலேறி வந்து, விடிந்ததும் நேரே சந்தைக்குப் போய்விட்டார். நான் வழக்கம்போல் இரண்டாவது பஸ்ஸில் போய் இறங்கியபோது, மீன்கடை ஹமீது நானாவோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"முழ நீளத்துல நெறைய அளந்தேனே," என்றார் அதிகாரி.

"எங்கேங்க சார்?"

ஹமீது நானா பதில் சொன்னார். "அதெல்லாம் தோட்டத்து தொரமார் பங்களாவுக்குப் போயிட்டு தம்பி. சமையல்கார அப்புமார் விடியவே வந்து பெரிசாப் பாத்து எடுத்துருவாங்க. நீங்க வாற நேரம் மிச்சந்தானே கெடக்கும்."

"ஏன் நானா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கல்லயே. சின்ன மீனைத்தான் அளக்கச் சொல்லியிருக்காங்கன்னு நெனச்சேன்."

அதிகாரி திட்டவில்லை. "மீனுக்கு ஒரு குறையும் இல்ல தம்பி. நீங்க எத்தனை மணி பஸ்ஸில வந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். வேலை போயிற்று. அம்மாவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் வீட்டுக்கு நடந்தே போனேன்.

கதை மடுல்சீமை வரை பரவியிருந்தது எனக்குத் தெரியாது. சில வருடம் கழித்து அங்கேதான் பெண் எடுத்தேன். கல்யாணத்தன்று மழையில் பாதை கெட்டு, முகூர்த்தம் தவறும் நேரத்தில் சேற்றுக் காலோடு பந்தலுக்குள் ஓடினேன். மாமனார் கோபப்படவே இல்லை.

"வாங்க மாப்பிள்ள. பொண்ணு இன்னும் அதே அளவுலதான் இருக்கு. வேணும்னா அளந்து பாத்துக்குங்க."

சிரிப்பில் நாதஸ்வரம் ஒரு நிமிடம் நின்றுபோனது. இன்றைக்கும் நான் எங்கே பிந்திப் போனாலும், வீட்டில் யாராவது ஒருவர் ஓர் அடிமட்டத்தை எடுத்து நீட்டுகிறார்.