முப்பத்தாறில் எடுத்த நாற்பது படங்கள்

அரசாங்கக் களஞ்சியங்களைச் சரிபார்ப்பதற்கு ஒரு விதி உண்டு. ஏட்டில் எழுதியிருக்கும் தொகையைச் சரிபார்ப்பவர் நம்பக்கூடாது. சாமானைக் கண்ணால் கண்டு, கையால் தொட்டு, தானே எண்ண வேண்டும். பெட்டி மூடியிருந்தால் திறக்க வேண்டும். திறக்க ஏலாது என்றால் ஏன் ஏலாது என்று எழுத்தில் வாங்க வேண்டும். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு நான் திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் பல களஞ்சியக்காரர்களின் நித்திரையைக் கெடுத்திருக்கிறேன். ஏட்டில் நிறைந்திருந்த பெயின்ற் பீப்பா ஒன்றை விரலால் தட்டிப் பார்த்து, "இது வெறும் பீப்பா" என்று பலர் முன்னிலையில் சொன்னவன் நான். (அந்தக் களஞ்சியக்காரர் ஓய்வுபெற்ற பிறகும் என்னைக் கண்டால் வீதியின் மற்றப் பக்கத்துக்குப் போய்விடுவார்.)

அப்படிப்பட்டவன் தன் வீட்டுக்கு ஒரு கமரா வாங்கினான்.

இறக்குமதியைத் திறந்துவிட்டு, கடைகளில் நாங்கள் பெயரளவில் மட்டும் அறிந்திருந்த சாமான்கள் எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் வந்து குந்தியிருந்த காலம் அது. ஓர்ஸ் ஹில்லில் அரசாங்க விடுதியில் குடியிருந்தோம். மூத்த மகள் சுபாவுக்குக் காது குத்த நாள் வைத்தாயிற்று.

என் மனைவி பத்மாவுக்கு இரண்டு தமையன்மார். மூத்தவர் சிவபாலன் திரியாயில் வயல் செய்தார். இளையவர் யோகராசா பாலையூற்றில் இருந்துகொண்டு லொறி ஓட்டினார். ஒரு வயல் வரம்பைப் பற்றித் தொடங்கிய கதை முற்றி, இருவரும் பேச்சை விட்டுப் பல வருடமாகியிருந்தது. தகப்பனின் செத்த வீட்டில்கூட ஒருவர் முன்வாசலாலும் மற்றவர் பின்வாசலாலும்தான் வந்து போனார்கள்.

காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் இருக்க வேண்டும். இரண்டு தாய்மாமன் இருந்தால் எவருடைய மடி என்பதற்கு விதி இல்லை. (இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.) பத்மா தானே ஒரு விதி செய்தாள். வலது காது மூத்தவர் மடியில், இடது காது இளையவர் மடியில். இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாகப் போய் அழுது சம்மதம் வாங்கிக்கொண்டு வந்தாள். வந்த கையோடு என்னிடம் சொன்னாள்:

"ரெண்டு அண்ணன்மாரும் ஒண்டா நிக்கிற படம் எங்கட வீட்டில ஒண்டுமில்லை. சின்னனில எடுத்ததும் இல்லை. இந்த ஒண்டு எனக்கு வேணும். ஸ்டூடியோ ஞானத்தாரைக் கூப்பிடுங்கோ."

கேட்டது ஒரு படம். அதற்கு ஞானத்தாரிடம் ஆளனுப்பினால் போதும். ஆனால் நான் நிர்வாக ரீதியாகச் சிந்தித்தேன். ஸ்டூடியோக்காரர் ஒரு நாள் வந்து போய்விடுவார். கமரா என்றால் வீட்டோடு இருக்கும். பிள்ளை தவழும், நடக்கும், பள்ளிக்கூடம் போகும். ஒவ்வொன்றுக்கும் ஞானத்தாரைக் கூப்பிட ஏலுமா? கையடக்கமான, அன்றாடம் பாவிக்கக்கூடிய ஒரு கமராவே குடும்பத்துக்கு உகந்தது என்று தீர்மானித்தேன். தீர்மானம் இன்றைக்கும் சரியானதுதான். தீர்மானித்த ஆளில்தான் பிழை.

கொள்வனவு என்றால் மூன்று இடத்தில் விலை கேட்க வேண்டும். கொழும்புக் கடையொன்றுக்குக் கடிதம் எழுதினேன். கப்பலில் வந்த ஒருவரிடம் வாய்மூலம் விசாரித்தேன். மூன்றாவதாகப் பத்மாவையும் கூட்டிக்கொண்டு பட்டினத்தில் ஹனீபா நானாவின் கடைக்குப் போனேன். நானா கிண்ணியாக்காரர், வாங்குகிறவனின் முகத்தைப் பார்த்தே சாமான் எடுத்து வைப்பார். முதலில் அவர் வைத்தது சவர்க்காரக் கட்டியைவிடக் கொஞ்சம் நீளமான ஒரு தட்டைக் கமரா.

"சேர், இதுல கரைச்சலே இல்ல. பிலிம் ஒரு சின்னப் பொட்டிக்குள்ள இருக்கு. பொட்டியப் போட்டு மூடினாச் சரி. புள்ளையும் எடுக்கும்."

பத்மா அதை வாங்கிக் கைப்பைக்குள் வைத்து மூடிப் பார்த்தாள். பை மூடியது. "இது காணும், வேற வேண்டாம்" என்றாள்.

நான் பிலிமின் அளவை விசாரித்தேன். படம் நகத்தளவில்தான் விழும் என்றார். அந்த இடத்தில் நான் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்பது நன்றாக ஞாபகம் இருக்கிறது, மறக்கப் பார்க்கிறேன். பிள்ளையும் எடுக்கக்கூடிய கமராவைப் பொறுப்பான அலுவலர் ஒருவர் வாங்குவதில்லை என்ற கருத்துப்பட ஏதோ சொன்னேன். பிறகு அலுமாரியின் மேல்தட்டில் இருந்த ஜப்பான் கமராவைக் காட்டச் சொன்னேன். அதுவும் கையடக்கம்தான், ஆனால் பெரிய பிலிம், முப்பத்தாறு படம். கண்ணாடியைச் சுற்றி ஒரு வளையம். அதில் ஒற்றைத் தலை, இரண்டு பேர், ஒரு கூட்டம், ஒரு மலை என்று சிறு சித்திரங்கள். எவ்வளவு தூரத்தில் ஆள் நிற்கிறார் என்று பார்த்து நாங்களே திருப்ப வேண்டும். திருப்ப ஒன்று இருந்தால் எனக்குப் பிடிக்கும்.

வீட்டுக்கு வந்து அட்டவணை போட்டேன். பருமன், பாரம், பிலிமின் அளவு, நீடித்த உழைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி. கடைசி நிரலில் "பாவனையாளர் அபிப்பிராயம்" என்று பத்மாவையும் சேர்த்திருந்தேன். அந்த நிரலுக்குப் புள்ளி குறைவு. ஜப்பான் கமரா வென்றது.

"அட்டவணை போட முன்னமே வெண்டிட்டுது," என்றாள் பத்மா, குசினிக்குள் இருந்து.

பிலிமை நானே போட்டேன். வலது பக்கத்து உருளையில் ஒரு வெடிப்பு இருக்கும். பிலிமின் நுனியை அதற்குள் செருகி மூட வேண்டும். செருகினேன், மூடினேன். கையேட்டைப் பதினோராம் பக்கம்வரை கவனமாக வாசித்தேன். மிச்சம் தெரிந்த விசயமாகத்தான் இருக்கும் என்று அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

காதுகுத்தன்று மூத்தவர் முன்வாசலால் வந்தார். இளையவர் வழக்கப்படி பின்வாசலால் வந்து குசினிப் பக்கம் நின்றார். நான் கமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மேற்பார்வை செய்தேன். காது குத்த வந்த பத்தரைக்கூட ஊசியோடு கையை நிறுத்தி வைக்கச் சொன்னேன், வெளிச்சம் சரியில்லை என்று. பத்தர் வாய்க்குள் என்னவோ சொன்னார்.

வலது காது மூத்தவர் மடியில் முடிந்தது. பிள்ளை வீரிட்டு அழுது, பெரியமாமனின் சுட்டுவிரலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். இனி இளையவரின் மடிக்கு மாற்ற வேண்டும். பிள்ளை விரலை விடவில்லை. கழற்றப் பார்த்தால் இன்னும் பெரிதாக அழுதாள். கடைசியில் பிள்ளை சின்னமாமன் மடியிலும் அவள் பிடித்த விரல் பெரியமாமன் கையிலுமாக, இரண்டு பேரும் தோளோடு தோள் முட்டிக்கொண்டு இருக்க வேண்டியதாயிற்று. பத்தர் ஊசியைக் கிட்டக் கொண்டுவந்தார்.

"தலையைப் பிடி," என்றார் மூத்தவர்.

"பிடிச்சிருக்கிறன் அண்ணை," என்றார் இளையவர்.

பத்மா சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் வளையத்தை இரண்டு பேர் சித்திரத்துக்குத் திருப்பி, படம் எடுத்தேன். பிறகு இருவரையும் முற்றத்துக்குக் கூட்டிப்போய், வெயிலில் நிறுத்தி, நடுவில் பிள்ளையை வைத்து, இன்னும் கிட்ட, இன்னும் கொஞ்சம் கிட்ட என்று வருத்தி, சிரிக்கவும் வைத்தேன். அவர்கள் சிரித்தார்கள். அதையும் எடுத்தேன். ஒன்றுக்கு இரண்டு, இரண்டுக்கு நாலு.

பின்னேரம் பத்மா கமராவின் மேலிருந்த எண்ணை எட்டிப் பார்த்தாள். "முப்பத்தாறு படம் எண்டெல்லோ சொன்னனீங்கள்? இது நாப்பதில நிக்குது."

"கவனமாகப் பாவித்தால் கூட வரும்," என்றேன். வந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னேன். ஏட்டில் முப்பத்தாறு இருக்க, இராக்கைத் தட்டில் நாற்பது என்று ஒரு களஞ்சியக்காரர் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே களஞ்சியத்துக்கு முத்திரை வைத்திருப்பேன். பிலிமைத் திருப்பிச் சுற்றும்போது கையில் பாரமே தெரியவில்லை. ஜப்பான்காரனின் வேலை என்று மெச்சிக்கொண்டேன்.

போகும்போது மூத்தவர் என்னைத் தனியே கூப்பிட்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "மச்சான், அந்தப் படத்தில எனக்கும் ஒரு கொப்பி" என்றார். சிறிது நேரம் கழித்துப் பின்வாசலில் இளையவரும் அதையே கேட்டார்.

ஞானத்தார் பிலிமைக் கழுவி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். அதற்கூடாக வீதி தெரிந்தது. சைக்கிளில் போனவரின் முகம்கூடத் தெரிந்தது. என் மச்சான்மார் தெரியவில்லை.

"ஐயா, இதில ஒண்டும் விழேல்லை," என்றார்.

அவருடைய மருந்து பழசாகியிருக்கும் என்றேன். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்று, கமராவைக் கையாளும் முறையையும் விளக்கத் தொடங்கினேன். புதுச்சுருள் ஒன்றை வாங்கி, எல்லோருக்கும் முன்னால், வீட்டில் போட்டது போலவே போட்டு, மூடி, பிலிமை நகர்த்தும் நெம்பை இழுத்தேன். எண் ஏறியது. "பாருங்கள்," என்று மூடியைத் திறந்தேன். உருளை சுற்றியிருந்தது. பிலிமின் நுனி வெடிப்பை விட்டு நழுவி, கொஞ்சமும் நகராமல் கிடந்தது. கமரா எண்ணியது என் விரலை, பிலிமை அல்ல. நாற்பது முறையும் அப்படித்தான் எண்ணியிருக்கிறது.

நான் புதுச்சுருளை எடுத்துக்கொண்டு நடந்தேன். வீதியின் மற்றப் பக்கத்துக்கு மாறி நடந்தேன்.

பத்மா அல்பத்தைத் திறந்து வைத்திருந்தாள். முதல் பக்கத்தில் படத்தின் நாலு மூலைக்கும் வேண்டிய கடதாசி முக்கோணங்களை முதல் நாளே ஒட்டிவிட்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டு அல்பத்தை மூடினாள். ஏசவில்லை. ஏசியிருந்தால் நான் விளக்கம் கொடுத்திருப்பேன். "அண்ணன்மாருக்கு நீங்களே போய்ச் சொல்லுங்கோ" என்று மட்டும் சொன்னாள்.

பாலையூற்றில் சொல்வது இலகுவாகவே முடிந்தது. லொறிக்குக் கீழே படுத்திருந்த இளையவர் வெளியே வராமலே கேட்டார். திரியாய்க்கு பஸ்ஸில் போனேன். மூத்தவர் வயலில் நின்றார். எல்லாவற்றையும் ஒழுங்குப்படி, காரணகாரியத்தோடு எடுத்துச் சொன்னேன். அவர் மண்வெட்டிப் பிடியில் நாடியை ஊன்றிக்கொண்டு கேட்டுவிட்டு,

"அப்ப நாங்கள் அந்த வெயிலுக்க சும்மாவோ இளிச்சுக்கொண்டு நிண்டனாங்கள்?" என்றார்.

"ஓம்," என்றேன்.

பிறகு நடந்தது எனக்குப் பெருமை தருவதல்ல. கதை பெரியது, சொல்லிச் சிரிக்க அன்று அந்த முற்றத்தில் கூட நின்ற ஒருவன் வேண்டும். திரியாயில் அப்படி ஒருவரும் இல்லை. ஒரு கிழமை பொறுத்துப் பார்த்துவிட்டு மூத்தவர் பஸ் ஏறிப் பாலையூற்றுக்குப் போனார். இரண்டு பேரும் லொறிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, "இன்னும் கிட்ட, இன்னும் கொஞ்சம் கிட்ட" என்று என்னைப்போலச் செய்து காட்டிக் கண்ணீர் வரச் சிரித்தார்களாம். வரம்பைப் பற்றி அன்றைக்கு ஒருவரும் கதைக்கவில்லையாம். இதைப் பத்மா எனக்குச் சொன்னபோது, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று என்னால் சரிபார்க்க முடியவில்லை. ஒற்றுமை வந்தது. படம் வரவில்லை. விரலைப் பிடித்த அந்தக் கை, அந்த அளவில், இனி ஒரு நாளும் வராது.

இந்த இடத்திலாவது நான் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. ஜப்பானில் இருந்த கம்பனிக்கு ஒரு கடிதம் எழுதினேன். பிலிம் நகராதபோதும் எண் ஏறுவது பாவனையாளரைத் தவறாக வழிநடத்துவதாகும், விளக்கம் தருக.

"பிழை உங்கட கையில. கடிதம் ஜப்பானுக்கோ?" என்றாள் பத்மா.

பதில் இல்லை. ஞாபகமூட்டல் அனுப்பினேன். அதற்கும் பதில் இல்லாததால் இரண்டாவது ஞாபகமூட்டல் அனுப்பினேன். பிறகு பிள்ளை நடந்தாள். இன்னொரு பிள்ளை பிறந்தாள். நான் மறந்துபோனேன்.

பதில் வந்தபோது நான் அலுவலகத்தில் இருந்தேன். பதிவுத் தபால். மூத்த மச்சான் கையொப்பமிட்டு வாங்கி, இளைய மச்சானுக்கு உரத்து வாசித்துக் காட்டியிருக்கிறார். மிகவும் பணிவான கடிதம். தாமதத்துக்கு மன்னிப்பு, எங்கள் கமராவைத் தெரிவு செய்தமைக்கு நன்றி, கையேட்டின் பன்னிரண்டாம் பக்கத்தைத் தயவுசெய்து பார்க்கவும். பக்கத்தையும் இணைத்திருந்தார்கள். நெம்பை இழுக்கும்போது இடது பக்கக் குமிழ் சுற்றுகிறதா என்று கவனிக்க வேண்டும். சுற்றாவிட்டால் பிலிம் நகரவில்லை. அந்த வசனத்தின் கீழ் சிவப்பு மையால் ஒரு கோடு.

அன்று தொடங்கியதுதான். இன்றும் நான் வயதையோ, வருமானத்தையோ, நடந்த தூரத்தையோ ஒரு எண்ணாகச் சொன்னால், பேரப்பிள்ளைகள்வரை ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: "குமிழ் சுத்தினதோ?"

இரண்டு மச்சான்மாரும் அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒன்றாக, முன்வாசலில், பந்தலுக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்ததற்குக் காரணம் இருந்தது. படம் எடுக்க வரும்படி ஞானத்தாருக்கும் அவர்களே சொல்லிவிட்டிருந்தார்கள். கடிதம் வந்து சேர்ந்த திகதி, என் இரண்டாவது மகளின் காதுகுத்துக்கு முதல் நாள்.