மூன்றாவது பட்டை

ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைச் சும்மா விட்டுவைக்கும் பொறுமையைக் கடவுள் எனக்குக் கொடுக்கவில்லை. இருபத்தேழு வயதில் அது கொஞ்சமாவது இருந்திருந்தால் இதை எழுதும் வேலையே வந்திருக்காது.

அப்பா ஓட்டிய பழைய வெள்ளைக் கார் அப்போது என் கைக்கு வந்திருந்தது. பின்சக்கரங்கள் தள்ளி ஓடுகிற, சாதுவான வண்டி. நான் வாரம் முழுக்க அரசு அலுவலகத்தில் கோப்புகளுக்கு எண் போடுகிற எழுத்தர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பந்தய வீரன் (அப்படி நம்பிய ஒரே ஆள் திருநெல்வேலியில் நான்தான்). பழைய என்ஜினைக் கழற்றிவிட்டு அதைவிட இரண்டு மடங்கு வலுவான ஒன்றைத் தேடிப் பிடித்து வைத்தேன். அகலமான டயர் போட்டேன். அதோடு நின்றிருக்கலாம். பின்பக்கம் தாழ்ந்திருந்தால்தான் கம்பீரம் என்று எவனோ சொன்னதைக் கேட்டேன். பின் அச்சைத் தாங்கும் கமான்பட்டைகள், வில்லாக வளைந்த இரும்புப் பட்டைகள், பக்கத்துக்கு மூன்று இருந்தன. பக்கத்துக்கு ஒன்றாக உருவிவிட்டேன். வண்டி நினைத்தபடியே தாழ்ந்தது. கூடவே குதிக்கவும் ஆரம்பித்தது.

மெதுவாகப் போனால் ஒன்றும் தெரியாது. நின்ற இடத்திலிருந்து வேகமாகக் கிளப்பினால் பின்சக்கரங்கள் இரண்டும் தடதடவென்று தரையில் அடித்துக்கொள்ளும். கண்ணாடி நடுங்கும், டிக்கி தானாகத் திறக்கும், என் பற்கள் தாளம் போடும். டயரில் காற்றைக் குறைத்தேன், கூட்டினேன். என்ஜினுக்கு அடியில் இருக்கும் ரப்பரை மாற்றினேன். ஷாக் அப்சார்பரை மாற்றினேன். கனம் இருந்தால் அடங்கும் என்று டிக்கியில் இரண்டு மூட்டை அரிசி ஏற்றினேன். அரிசி சிந்தியதுதான் மிச்சம். கோளாறு எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம், நான் கைவைத்த இடத்தில் மட்டும் இருக்காது என்பதில் எனக்கு அவ்வளவு உறுதி.

தச்சநல்லூரில் பட்டறை வைத்திருந்த இசக்கி அண்ணாச்சி ஒரு தடவை குனிந்து பார்த்ததுமே சொல்லிவிட்டார்.

"ஏலே, எடுத்த பட்டைய மொதல்ல திருப்பிப் போடு."

"போட்டா பின்பக்கம் தூக்கிட்டு நிக்குமே அண்ணாச்சி?"

"குதிக்கதுக்குத் தூக்கிட்டு நிக்கது மேலுல்லா?"

நான் கேட்கவில்லை.

இந்த லட்சணத்தில்தான் எனக்குக் கல்யாணம் கூடி வந்தது. பெண்ணுக்கு விக்கிரமசிங்கபுரம். பெயர் கோமதி, பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். பெண் பார்க்கப் போன அன்று எனக்கு வேர்த்து ஊற்றியது. அவள் மேசை ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனாள். கட்டினால் இவளைத்தான் என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன்.

அவளுடைய அப்பா சங்கரலிங்கம் மாமா நூல் மில்லில் சூப்பர்வைசர். நெற்றி நிறையத் திருநீறு இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அவருக்கு ஆகாத ஒரே விஷயம் குடி. சொந்தத் தம்பி குடிக்கிறார் என்பதற்காக அவர் வீட்டுக் கல்யாணத்துக்கே போகாத மனிதர்.

பூ வைக்கும் சடங்குக்கு முந்தின ஞாயிறு, பெண் வீட்டார் எல்லாரையும் நானே காரில் பாபநாசம் கோயிலுக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. "அந்தக் குதிக்க காரு வேண்டாம்ல, பஸ்ஸுல போ" என்றாள் அம்மா. கேட்கிற ஆளா நான்? காலையில் வண்டிக்கு அடியில் படுத்து எல்லா நட்டையும் முறுக்கினேன். கையில் ஒட்டிய கிரீஸ் சோப்புக்குப் போகவில்லை. பெயிண்ட் கரைக்கிற தின்னரை ஊற்றிக் கழுவிவிட்டுக் கிளம்பினேன்.

வழியெல்லாம் குதி. விக்கிரமசிங்கபுரம் போய்ச் சேர்ந்தபோது எனக்கே பயம் வந்துவிட்டது. இதன் பின்சீட்டிலா கோமதி உட்காரப் போகிறாள்? வீட்டுக்குள் போகுமுன் ஜன்னல் ஓரமாக நின்று இசக்கி அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். ஜன்னலுக்கு உள்ளே மாமா திருநீறு பூசிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அவர் காதில் விழுந்தது என் பக்கத்துப் பேச்சு மட்டும்.

"அண்ணாச்சி, ரெண்டு பட்டை பத்தாது. ரெண்டோடதான் வந்தேன். சேரன்மகாதேவில ஒரு ஆட்டம், அம்பாசமுத்திரத்துல ஒரு ஆட்டம். மூணாவதும் போட்டாதான் அடங்கும் போல. ஐயையோ, மாமாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா பொண்ணு தரமாட்டாவ. கோயிலுக்குப் போயிட்டு வந்ததும் போட்டுருதேன்."

(எங்கள் பக்கம் சாராயத்துக்கும் பட்டை என்று ஒரு பெயர் உண்டு.)

மாமா வெளியே வந்தார். என் முகத்துக்கு வெகு அருகில் வந்து நின்று மோந்து பார்த்தார். மாப்பிள்ளையை உச்சிமுகரும் வழக்கம் இவர்கள் வீட்டில் இருக்கும்போல என்று நான் நெகிழ்ந்துபோய்த் தலையைக் குனிந்து கொடுத்தேன். தின்னர் வாடை குப்பென்று அடித்திருக்க வேண்டும். இரண்டு அடி பின்னால் போனார்.

"மாப்ள, காலைல பட்டை போட்டியளா?"

எனக்கு முகத்தில் அறைந்ததுபோல இருந்தது. பூசிய திருநீறு வேர்வையில் அழிந்துபோயிருக்கிறது, அதைத்தான் கேட்கிறார் என்று புரிந்துகொண்டேன்.

"போடாம இருப்பனா மாமா? தினமும் குளிச்ச உடனே போட்டுருவேன்."

"தினமுமா?"

"சின்ன வயசுலேருந்தே. கோயிலுக்குப் போனா அங்கனயும் ஒரு தடவ."

"வீட்டுல... அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாவளா?"

"அம்மாவே போட்டு விடுவா மாமா. அவசரத்துல நான் ஒத்தப் பட்டையோட கிளம்புனா, வாசல்ல நிப்பாட்டி மீதி ரெண்டையும் போட்டுத்தான் அனுப்புவா."

மாமா சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "இந்தச் சம்பந்தம் வேண்டாம். வண்டிய இங்கனயே விட்டுட்டு பஸ்ஸுல போங்க. இந்த நெலமையில ஓட்டாதீய."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கோமதி போய்விட்டாள் என்பது மட்டும் புரிந்தது. அந்த வயசுப் புத்தி, வண்டியைத்தான் குறை சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டது. "நான் எப்படி ஓட்டுதேன்னு பாத்துட்டுச் சொல்லுங்க மாமா" என்று பாய்ந்து ஏறினேன். ஏறிய வேகத்தில் கால் கிளட்சிலிருந்து வழுக்கியது. வண்டி தெரு நெடுகத் தடதடவென்று குதித்துப் போய் நின்றது. டிக்கி திறந்து அர்ச்சனைத் தேங்காய்கள் வரிசையாகச் சாக்கடைக்கு உருண்டன.

சத்தம் கேட்டு வெளியே வந்த கோமதி என் பக்கம் திரும்பவே இல்லை. நேராகப் பின்சக்கரத்தைப் பார்த்தாள்.

"இன்னொரு தடவ கிளப்புங்க."

"ஏட்டி, உள்ள போ" என்றார் மாமா.

"ஒரு நிமிசம் இருங்கப்பா."

புடவையைச் செருகிக்கொண்டு தரையோடு குனிந்து, போனில் வீடியோ எடுத்தாள். நான் இன்னொரு தடவை குதித்துக் காட்டினேன். அவள் அதை மெதுவாக ஓடவிட்டு அப்பாவிடம் நீட்டினாள். டயர் தரையைக் கவ்வியதும் அச்சு முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கைத் தாங்க முடியாமல் பட்டை பாம்புபோல நெளிகிறது. நெளிந்தது விசுக்கென்று நிமிரும்போது டயர் பிடியை விடுகிறது, உடனே மறுபடி கவ்வுகிறது. நான் மூன்று மாதம் தேடிய கோளாறு அவளுக்கு மூன்று நிமிடத்தில் கிடைத்துவிட்டது.

"பட்டை மெலிசா இருக்கு. ரெண்டுதான் இருக்கு. மூணுக்கு எடம் இருக்கே, இன்னொண்ணு எங்க?" என்று என்னைக் கேட்டாள்.

"நாந்தான் கழட்டிட்டேன்."

மாமா நிமிர்ந்தார். "என்னத்தக் கழட்டுனிய?"

"மூணாவது பட்டைய மாமா. கமான்பட்டைய."

மாமா என் நெற்றியையும் பின்சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப... அம்மா போட்டு விடுதது?"

"திருநீறு மாமா."

"வாடை அடிச்சுதே?"

கையை நீட்டினேன். மோந்து பார்த்தார். மில் ஆளுக்குத் தின்னர் தெரியாதா? அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தவர், கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அழுகையை அடக்கிக்கொண்டு சிரித்த சிரிப்பு அது. அன்று பாபநாசத்துக்கு எல்லாரும் பஸ்ஸில்தான் போனோம்.

பூ வைப்பதற்குள் மூன்றாவது பட்டை ஏறியிருக்க வேண்டும் என்பது மாமா போட்ட ஒரே நிபந்தனை. இசக்கி அண்ணாச்சி அதை மாட்டி, பட்டையின் முனைகளில் நைந்துகிடந்த ரப்பர் புஷ்களையும் மாற்றிக் கொடுத்தார். குதி முக்கால்வாசி அடங்கியது. மீதிக் கால்வாசிக்கு என் வலது கால்தான் காரணம் என்றார்.

கல்யாணத்தன்று தாலி கட்டி முடித்ததும் விழுந்து கும்பிட்டோம். மாமா மூன்று விரலால் என் நெற்றியில் அழுத்தித் திருநீறு பூசினார். "மூணு பட்டை போட்டாச்சு மாப்ள. இனிமே குதிக்கப்படாது" என்று காதோரம் சொன்னார்.

மாமா இப்போது இல்லை. காரை விற்று வெகுநாளாகிறது. எனக்கு வாய்த்த நல்ல மனிதர்களில் அவர்தான் முதல் ஆள். அவர் சிரித்த அந்த வாசற்படியைக் கடக்கும்போது இன்னமும் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போகிறேன். ஆனால் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு மட்டும் ஓயவில்லை. நான் எதற்காவது குரலை உயர்த்தினால் போதும், அடுக்களையிலிருந்தே கோமதி மகளிடம் சொல்லுவாள்:

"ஏட்டி, உங்கப்பாவுக்கு ஒரு பட்டை குறையுது. போய்ப் போட்டு விடு."

அவளும் திருநீற்றுக் கிண்ணத்தோடு வருவாள். நான் வாயை மூடிக்கொண்டு நெற்றியைக் குனிந்து கொடுப்பேன்.