இந்தப் படத்துக்குப் பின்னால ஒரு கதை இருக்கு

வீதி சுற்றும் படக்கலைஞர் என்றொரு இனம் உண்டு. கழுத்தில் கேமரா, முகத்தில் மூன்று நாள் தாடி, சட்டையில் எட்டுப் பைகள், எட்டிலும் ஒன்றுமில்லை. ஊர் ஊராகப் போவார், தெருத்தெருவாக நடப்பார், தன் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும் யாரையாவது படம் பிடித்துவிட்டுப் பெயர்கூடக் கேட்காமல் நகர்ந்துவிடுவார். அந்த ஆளைப் பற்றிய சகல விவரமும் வீடு திரும்பிய பிறகுதான் அவருக்குத் தெரியவரும்.

“இந்தப் படத்துக்குப் பின்னால ஒரு கதை இருக்கு” என்று கண்ணை மூடுவார். நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாலும் நின்று கேட்டாக வேண்டும். கொட்டாவி விட்ட கிழவர் பசியில் அலறுபவர் ஆவார். கடை வாசலில் கண்ணயர்ந்த காவலாளி நாடிழந்தவர் ஆவார். சிரிக்கும் குழந்தையா? அநாதை. சும்மா பஸ்ஸுக்குக் காத்திருந்தவர் ஒருவராவது அவர் படத்தில் உண்டா? கிடையாது.

எனக்குத் தெரிந்த ஒருவர் நூலக மாடியில் கண்காட்சி வைத்தார். நடுச்சுவரில் ஆளுயரத் தாளில் ஒரு படம்: மருத்துவமனைப் படிக்கட்டில் ஒரு பெண், கன்னத்தில் கை, கண்ணில் நீர். கீழே அவர் கைப்பட எழுதிய வரி: ‘கணவன் போய்விட்டான் என்று டாக்டர் சொன்ன கணம்.’ பார்த்தவர்கள் மூக்கை உறிஞ்சினார்கள். படம் ஃபோன் ஃபோனாகப் பறந்தது.

நான்காம் நாள் அந்தப் பெண்ணே வந்துவிட்டார். தையற்காரி. கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்திருந்தார். பின்னாலேயே சீருடையில் ஒரு பஸ் டிரைவர். கணவர்தான்.

“நான் பல்லு புடுங்கிட்டு உக்காந்திருந்தேன்யா! வண்டி எடுக்கப் போனவர் திரும்பி வர்றதுக்குள்ள இவரச் சாகடிச்சிட்டீங்களே!”

“அம்மா, கலையில உண்மைங்கிறது வேற...”

“எம் பொண்ணு வெளியூர்ல படிக்கிறா. இந்தப் படத்தப் பாத்துட்டு எங்களுக்கு ஃபோன் மேல ஃபோன் அடிச்சிருக்கா. மிஷின் சத்தத்துல எனக்குக் கேக்கல, இவர் பஸ் ஓட்டிட்டிருந்தார். கடைசிப் பரீட்சைய விட்டுட்டு ரயிலேறி அழுதுகிட்டே வந்தவ, கதவத் தொறந்த அப்பாவப் பாத்து வாசல்லயே மயங்கி விழுந்தா. இனி அடுத்த வருஷந்தான் எழுதணுமாம். அந்த ஒரு வருஷத்த உங்க கலை குடுக்குமா?”

கலைஞர் கூசினாரா? மன்னிப்புக் கேட்டாரா? தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, “அந்தக் கோபம்... அப்படியே நில்லுங்க” என்று கேமராவைத் தூக்கினார்.

டிரைவர் முன்னால் வந்து, லென்ஸை உள்ளங்கையால் பொத்தினார்.

“செத்தவன் கை இது. எடு, பாப்போம்.”

தையற்காரி சுவரிலிருந்த படத்தை உரித்து, சுருட்டி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினார். மூக்கை உறிஞ்சிய கூட்டத்தில் ஒருவரும் தடுக்கவில்லை. ஒருவரும் அவர் மகளின் படிப்பு என்னவாயிற்று என்று கேட்கவுமில்லை. அவள் இப்போது அம்மாவின் கடையில் பட்டன் தைத்துக்கொண்டு அடுத்த வருஷத்துக்குக் காத்திருக்கிறாள்.

நம்மவர் வெட்கப்பட்டு ஒரு வாரமாவது வீட்டுக்குள் கிடந்தார் என்று நினைக்கிறீர்களா? அன்று மாலையே வெற்றுச் சுவரைப் படமெடுத்து இணையத்தில் போட்டார்: ‘உண்மையைத் தாங்க முடியாதவர்கள் பறித்துச் சென்ற இடம்.’ கீழே நூற்றுக்கணக்கில் அழுகைப் பொம்மைகள்.

சிரிக்கிறீர்கள். நல்லது. போன மாதம் ரயிலில் எதிர் சீட்டில் தூங்கிய பெரியவரைப் படமெடுத்து, ‘உழைத்துக் களைத்த மனிதம்’ என்று எழுதிப் போட்டீர்களே, அவர் பெயர் என்ன?